ஒரு நகம் மட்டும் மாறினால்: நகப் புற்றுநோயைக் கண்டறியவும் சிகிச்சை பெறவும் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் உழைக்கிற கையில் நகம் கெடுவது புதுசு இல்லை. அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் பெண்களுக்குத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் கறுத்து உரியும். குலசேகரம், அருமனை பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ரப்பர் பாலும், அதை உறைய வைக்கும் ஆசிட்டும். குளச்சல், முட்டம் கரையில் வலை இழுப்பவர்களுக்கு உப்புத்தண்ணீரும் மீன்முள்ளும். அதனால் ஒரு நகம் கறுத்தாலோ பிளந்தாலோ யாரும் திடுக்கிடுவதில்லை. வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

நகத்தில் வரும் புற்றுநோய் அபூர்வமானது. ஆனால் வரும்போது இந்தச் சாதாரணத் தொல்லைகளின் சாயலிலேயே வரும். நகச்சுத்து போல, பூஞ்சை போல, மரு போல, அடிபட்ட ரத்தக்கட்டு போல. மருந்துக்கடையில் ஒரு களிம்பு, அப்புறம் இன்னொரு களிம்பு, அப்புறம் பச்சிலைக் கட்டு என்று மாதங்கள் ஓடி, சிலருக்கு வருடங்களே ஓடிவிடும். நான் சரும நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள். இந்தத் தாமதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: ஒரே ஒரு விரலில், ஆறாமல் நிற்கிற நகப் பிரச்சினைக்கு, அது இன்னதென்று பயாப்ஸி (சதையில் சிறு துண்டு எடுத்து லேபில் பார்க்கும் சோதனை) சொல்லாமல் மருந்துமேல் மருந்து போடாதீர்கள்.

நகம் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்

நாம் வெட்டுகிற நகம் உயிரில்லாத தகடு. அதை உண்டாக்கும் உயிருள்ள இடம், நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கும் நகவேர். கட்டைவிரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை அந்த வேரின் முன்பகுதி. தகட்டுக்குக் கீழே உள்ள ரோஸ் நிறச் சதை நகப்படுகை. படுகைக்கும் எலும்புக்கும் இடையில் கொழுப்பு கிடையாது, மெல்லிய சதை மட்டும்தான். இங்கே வரும் கட்டி எலும்பைச் சீக்கிரம் தொட்டுவிடுவதற்கு அதுதான் காரணம்.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம். கால்நகம் அதில் பாதி வேகம், பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டோடு ஒட்டிய கறையும் ரத்தக்கட்டும் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து போய்விடும். நகவேரிலிருந்து புறப்படும் நிறம் நகராது, புதிதாக வரும் நகத்திலும் வந்துகொண்டே இருக்கும்.

எந்தெந்தப் புற்றுநோய்கள் இங்கே வரும்

முக்கியமாக இரண்டு. முதலாவது செதிள் செல் புற்றுநோய். நகத்தில் வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, கால்விரலைவிடக் கைவிரலில் வரும். மேல்தோலுக்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்க நிலைக்கு போவன் நோய் என்று பெயர். பலருக்கு இதற்குப் பின்னால் எச்பிவி வைரஸ் இருக்கிறது, அதிலும் குறிப்பாக 16ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான். நாள்பட்ட ஆர்செனிக் பாதிப்பு, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்துகள் (சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடுவது போன்றவை), எச்ஐவி, கதிர்வீச்சு ஆகியவையும் காரணமாகலாம். எக்ஸ்ரே வந்த புதிதில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே கருவிக்கு முன் காட்டிக் காட்டிச் சோதித்தார். கைகளில் புற்று வந்து, வெட்டி எடுத்தும் காப்பாற்ற முடியாமல் 1904இல் இறந்தார்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: மணவாளக்குறிச்சி மணலால் வருமா? அதே மாதிரி இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மோனசைட் மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். 2009இல் வெளியான அதன் முடிவில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரைக்காரர்கள் மணலை நினைத்துப் பயந்துகொண்டு, கையில் உள்ள புண்ணைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது மெலனோமா. நிறமி செல்களில் தொடங்குவது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆபத்து அதிகம். கைக் கட்டைவிரலும் கால் பெருவிரலும்தான் இதற்குப் பிடித்த இடங்கள். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் மெலனோமா அதிகம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமாவே அபூர்வம் என்றாலும், வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் வருவது அதிகம். வெயில் இதற்குப் பெரிய காரணம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததை முதலில் கால்பந்துக் காயம் என்றே நினைத்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல் 36 வயதில் இறந்துபோனார்.

மற்றவை இன்னும் அபூர்வம். கெரட்டோஅகாந்தோமா என்ற கட்டி சில வாரங்களிலேயே வேகமாக, வலியோடு வளரும். நுரையீரல் போன்ற வேறு உறுப்பின் புற்று விரல்நுனி எலும்புக்குப் பரவி நகச்சுத்து போல வீங்குவதும் உண்டு. குளோமஸ் கட்டி புற்றுநோயே இல்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிற வலி, ஒரே புள்ளியில் தொட்டால் துடிப்பு, நகத்தடியில் நீலமாக ஒரு பொட்டு என்று வருடக்கணக்கில் ஆளை வாட்டும். எடுத்துவிட்டால் குணமாகிவிடும். அந்த வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

படி 1: வீட்டிலேயே பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், வாசலில் உட்காருங்கள். நகப்பூச்சு, மருதாணி எதுவும் இருக்கக் கூடாது. மைலாஞ்சிச் சிவப்பு நகத்தில் மாதக்கணக்கில் நிற்கும், அது உள்ளிருக்கும் நிறத்தை மறைத்துவிடும். இருபது நகத்தையும் பாருங்கள். ஒரு நகமா, பல நகமா என்பதுதான் முதல் கேள்வி. நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும், வயது கூடக்கூடக் கூடும். பி12 குறைவு, கர்ப்பம், ஹைட்ராக்சியூரியா, சிடோவுடின் போன்ற மருந்துகள், சில கீமோ மருந்துகள் ஆகியவையும் பல நகங்களைக் கறுக்க வைக்கும். ஒற்றை நகத்தில் மட்டும் புதிதாக வந்திருந்தால் கவனம்.

கறுப்புக் கோட்டில் பார்க்க வேண்டியவை: 50 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ புதிதாக வந்ததா, 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமா, ஒரே கோட்டுக்குள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று நிறம் மாறுகிறதா, சில மாதங்களில் அகலமாகிறதா, கட்டைவிரலா அல்லது கால் பெருவிரலா, குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா இருந்ததா. கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். நுனியில் குறுகி, அடியில் அகலமாக இருந்தால் வேரில் உள்ளது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம், கறுப்பு நகத்தோடு நிற்காமல் பக்கத்துத் தோலுக்கும் பரவுவது. நகமடிப்பிலோ விரல்நுனியிலோ மை ஒற்றியது போல நிறம் தெரியும். ஜோனத்தன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்ததால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். மெல்லிய தோல் வழியாக நகத்தின் கறுப்பு நிழலாகத் தெரிந்தும் ஏமாற்றலாம். அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. தோலில் நிறம் கண்டால் அந்த வாரமே போங்கள்.

கறுப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கறுக்காமல் வருவதைத்தான் அதிகம் தவற விடுகிறோம். செதிள் செல் புற்றுநோய் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்காது. நகத்தின் ஓரத்தில் சொரசொரப்பாகத் தடித்து மரு மாதிரி நிற்கும். நகம் படுகையிலிருந்து ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். அடியிலிருந்து தண்ணீரோ சீழோ கசியும். நீளவாக்கில் பிளவு வரும், அல்லது சிவப்பாக ஒரு கோடு ஓடும். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மெலனோமாவிலும் கணிசமானவை நிறமே இல்லாமல், தொட்டால் ரத்தம் வரும் சிவப்புச் சதையாக வளரும். கால்நகம் உள்ளே குத்தி வளர்ந்த சதை என்று நினைத்து அதைச் சுட்டு எடுத்துவிடுவார்கள், அது மறுபடி வரும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. நகச்சுத்து சரியான மருந்து போட்டும் ஆறு வாரத்தில் ஆறவில்லை என்றாலும், 40 வயதுக்கு மேல் ஒற்றை நகத்தோரத்தில் வந்த மரு மூன்று மாதத்தில் போகவில்லை என்றாலும், ஒரே ஒரு கைநகத்தில் பூஞ்சை என்று மருந்து சாப்பிட்டும் மாறவில்லை என்றாலும், நகம் கழன்ற இடம் ஆறாத புண்ணாக நின்றாலும், சரும மருத்துவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது.

குழந்தைகளின் நகத்தில் கறுப்புக் கோடு வந்தால் பதற வேண்டாம். அவர்களுக்கு நக மெலனோமா மிக மிக அபூர்வம், அந்தக் கோடு பெரும்பாலும் மச்சம்தான். மருத்துவர் பார்த்துப் படம் எடுத்து வைத்துக் கண்காணிப்பார்.

படி 2: ரத்தக்கட்டா என்று சோதிப்பது

கதவிடுக்கில் நசுங்கியது, தேங்காய் காலில் விழுந்தது என்றால் ரத்தம் கட்டிக் கறுக்கும். புதுச் செருப்பு இடித்தும் தெரியாமலேயே கட்டலாம். நகமடிப்பை ஒட்டிக் கறுப்பின் எல்லையில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுங்கள். ரத்தக்கட்டு என்றால் இரண்டு மாதத்தில் அதற்குப் பின்னால் சுத்தமான புது நகம் தெரியும், கறுப்பு முன்னால் போயிருக்கும். அப்படிப் போகாவிட்டால் அடிபட்ட கதையை நம்பாதீர்கள். அடிபட்டது உண்மையாகவே இருக்கலாம். மெலனோமா வந்தவர்களிலும் பலர் அடிபட்டதைத்தான் முதலில் சொல்வார்கள், அடிபட்ட பிறகுதான் அந்த விரலையே உற்றுப் பார்த்திருப்பார்கள்.

அண்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. தோட்டு எண்ணெய்க் கறை இரண்டு கையிலும் பல விரலில், தோலோடு சேர்ந்து இருக்கும், வேலை இல்லாத மாதங்களில் மங்கும். ஒருமுறை ஒரு அம்மாவின் கையைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்பது விரலின் கறையும் நகத்தின் மேல்தான் இருந்தது, வலது கட்டைவிரலில் மட்டும் நகத்துக்குள்ளே இருந்து கோடு வந்தது. "இது எவ்வளவு நாளா இருக்கு அம்மா?" என்று கேட்டேன். "அண்டி எண்ணெதான் மக்ளே, ரெண்டு வருசமா போவல்ல" என்றார். எண்ணெய்க் கறை இரண்டு வருடம் ஒரே கோடாக நிற்காது. நகம் அதற்குள் நான்கு தடவை புதிதாக வளர்ந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் சிலவற்றைச் செய்யாதீர்கள். நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலைச் செருகி வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம். நான்கு நாள் நகச்சுத்துக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, நான்கு மாதப் புண்ணுக்கு அது கூடாது. வர்ம ஆசான்மார் எலும்பு முறிவுக்கும் சதைப்பிடிப்புக்கும் தலைமுறை தலைமுறையாகக் கைபார்த்து வருகிறவர்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆறாத நகத்தை எண்ணெய்க் கட்டுக்குள் மூடி வைப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாஷாணம் சேர்ந்த மருந்தைக் கணக்கில்லாமல் வருடக்கணக்கில் சாப்பிடுவதும் வேண்டாம், ஆர்செனிக் அதில்தான் இருக்கிறது. மருவென்று நினைத்து ஆசிட் வைப்பது, ஊசியால் குத்துவது, பிளேடால் சீவுவது எதுவும் வேண்டாம்.

படி 3: எங்கே, எப்படிக் காட்டுவது

முதலில் சரும நோய் மருத்துவர். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நோய் உறுதியான பிறகு நெய்யூரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் என்ற மருத்துவர் பின்னர் பல ஆண்டுகள் ஊழியம் செய்த அதே நெய்யூர்தான். மேற்கே போனால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். எங்கே போனாலும் ஒரே இடத்தில் தொடங்கி முடிப்பது நல்லது. பாதியில் ஆஸ்பத்திரி மாற்றினால் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து வரும்.

போகும்போது எடுத்த படங்கள், சாப்பிடும் மருந்துகள், இதுவரை போட்ட களிம்புகளின் டியூப்புகள் எல்லாம் கையில் இருக்கட்டும். எப்போது தொடங்கியது, எது போட்டும் எத்தனை நாளில் மாறவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருந்தால் கேட்காமலேயே சொல்லுங்கள்.

மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார், வலிக்காது. கோடுகள் ஒரே சீராக, இணையாக ஓடுகின்றனவா, தாறுமாறாக இருக்கின்றனவா என்று அதில் தெரியும். பூஞ்சையா என்று பார்க்க நகத்துகள் சுரண்டிச் சோதனை செய்வார்கள். பூஞ்சை இருக்கிறது என்று வந்தாலும் கதை முடியவில்லை, கெட்டுப்போன நகத்தில் பூஞ்சையும் சேர்ந்து குடியேறும். மருந்து சாப்பிட்டும் மாறாவிட்டால் திரும்பப் போங்கள். விரலுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க. எலும்பிலிருந்தே நகத்தடியில் முளைக்கும் சாதாரணக் கட்டியும் அதில் தெரிந்துவிடும்.

படி 4: பயாப்ஸி

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம். பயாப்ஸி எடுப்பதால் நகப் புற்றுநோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் அது ஆழமாகப் போகிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும், சொல்கிறேன். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரக்க ஊசி போடுவார்கள். அந்த ஊசி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடக் கடுப்பு, அப்புறம் விரல் மரக்கட்டை. நன்றாக மரக்கப் பத்து நிமிடமாவது விட வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு கிருமி நீக்கிய கையுறையின் ஒரு விரலை வெட்டி, உங்கள் விரலில் மாட்டி, நுனியைக் கத்தரித்து, அடிவரை சுருட்டி இறக்குவோம். சுருண்டு இறங்கும்போது ரத்தம் பின்னால் தள்ளப்படும், அடியில் இறுக்கமாக நின்று ரத்தம் வராமல் தடுக்கும். அந்தச் சுருளில் ஒரு கிளிப்பைக் கட்டாயம் மாட்டி வைப்போம், முடிந்ததும் கழற்ற மறக்கக் கூடாது என்பதற்காக. கட்டுப்போடும் முன் நீங்களும் "அந்த ரப்பரை எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்கலாம், தப்பே இல்லை.

நகத்தை முழுசாகப் பிடுங்க வேண்டியதில்லை. பல நேரம் ஒரு பக்கமாக, புத்தக அட்டையைத் திறப்பது போலத் தூக்கிவிட்டு, நகமடிப்பைப் பின்னால் விலக்கி, நிறம் புறப்படும் இடத்தை நேராகப் பார்த்துச் சதை எடுப்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு நகவேரில் எடுக்க வேண்டும். தகட்டில் மட்டும் வெட்டி அனுப்பினால் பதில் வராது. கோடு மெல்லியது என்றால் 3 மில்லிமீட்டர் வட்டக் கத்தி, அகலம் என்றால் மேலோட்டமாகச் சீவி எடுப்பது, ஓரத்தில் என்றால் நீளவாக்கில் ஒரு துண்டு. சீவி எடுத்தால் பின்னால் வரும் நகம் அவ்வளவாகக் கெடாது. மற்ற முறைகளில் நகம் மெலிந்தோ பிளந்தோ வளரலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொன்னால் மட்டும்.

எடுத்த சதை ஃபார்மலின் பாட்டிலில் போகும். சில இடங்களில் அந்தப் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அப்படி வாங்கினால் பெயர், வயது, எந்தக் கை, எந்த விரல் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அதில் தண்ணீரோ வேறெதுவோ ஊற்றாதீர்கள். அன்றே சேர்த்துவிடுங்கள். நகத்துண்டும் சேர்த்து அனுப்பப்பட வேண்டும்.

நகம் சம்பந்தமாக எங்கே எது வெட்டினாலும், "சாதாரணச் சதைதான்" என்று சொன்னாலும், அது லேபுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். எங்களிடம் வந்த ஒரு மீனவ அண்ணனுக்குக் கால் பெருவிரலில் வளர்ந்த சதையை வேறோரிடத்தில் வெட்டி, எங்கும் அனுப்பாமல் எறிந்துவிட்டிருந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. முதலில் எடுத்ததில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிகிச்சையைத் திட்டமிட அந்தப் பதில் எங்களுக்குத் தேவைப்பட்டது.

வீட்டுக்குப் போனதும் முதல் ராத்திரி விண்விண் என்று தெறிக்கும். கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், பாராசிட்டமால் போதும். இரண்டு நாள் நனைக்கக் கூடாது. கடலுக்கும் தோட்டத்துக்கும் புண் ஆறிய பிறகு போகலாம்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

சாதாரணமாக ஒரு வாரம் பத்து நாளில் வரும். நிறமி செல்களைத் தனியாகக் காட்டும் எச்எம்பி-45, மெலன்-ஏ, எஸ்ஓஎக்ஸ்10 போன்ற சிறப்புச் சாயங்கள் போட வேண்டி வந்தால் இன்னும் சில நாள் ஆகும். நகச் சதையைப் படிப்பது கடினம், அனுபவமுள்ள கண் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஸ்லைடும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு மையத்தில் காட்டலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல்தோலுக்குள்ளேயே அடங்கியதா, கீழே இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் ஆழம்? ஓரங்களில் புற்று செல் இருக்கிறதா? மெலனோமாவில் அந்த ஆழம்தான் எல்லாம். 1 மில்லிமீட்டர் வரை முதல் படி, 2 வரை இரண்டாவது, 4 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. ஒரு எச்சரிக்கை: சின்னத் துண்டில் மேலோட்டமாகத் தெரிந்தது, முழுதாக எடுத்துப் பார்க்கும்போது ஆழமாக இருக்கலாம்.

படி 6: சிகிச்சை

செதிள் செல் புற்றுநோய் எலும்பைத் தொடாதவரை விரலைக் காப்பாற்றலாம். நகம், வேர், படுகை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு, வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். மோஸ் முறை கிடைக்கும் இடத்தில், அடுக்கடுக்காக எடுத்து அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, புற்று இல்லாத இடம் வரும்வரை மட்டும் வெட்டுவார்கள். எலும்பில் இறங்கியிருந்தால் விரலின் கடைசிக் கணுவை எடுக்க வேண்டி வரும். அறுவை செய்ய முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. இது வேறு இடங்களுக்குப் பரவுவது அபூர்வம், சரியாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். எச்பிவி காரணமாக இருக்கலாம் என்பதால் பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அதில் யாருடைய நடத்தையைப் பற்றிய பேச்சும் இல்லை. மிகப் பரவலான வைரஸ் அது.

மெலனோமா மேல்தோலுக்குள் மட்டும் இருந்தால் இதே மாதிரி நக அமைப்பை முழுதாக, சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலோடு, எலும்பு தெரியும்வரை எடுத்துத் தோல் ஒட்டுவார்கள். விரல் இருக்கும், நகம் வராது. கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் கடைசிக் கணுவோடு எடுப்பார்கள். முன்பெல்லாம் முழு விரலையும், சில நேரம் உள்ளங்கை எலும்பு வரையும் எடுத்தார்கள். அவ்வளவு மேலே வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று தெரிந்த பிறகு, முடிந்த அளவு நீளத்தை மிச்சம் வைக்கிறார்கள். பால்வெட்டுபவருக்கும் வலை முடைபவருக்கும் கட்டைவிரலில் ஒரு சென்டிமீட்டர் மிச்சமாவது பெரிய விஷயம். உங்கள் வேலை என்ன, எந்தக் கையால் கத்தி பிடிப்பீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஆழம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், 0.8க்கு மேலேயே சிலருக்கு, முதல் நெறிக்கட்டுச் சோதனை செய்வார்கள். விரலருகே நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ செலுத்தி, அக்குளிலோ தொடையிடுக்கிலோ அது முதலில் போய்ச்சேரும் நிணநீர் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்ப்பது இது. அதில் சில செல்கள் இருந்தால் முன்பு எல்லா முடிச்சையும் எடுத்தார்கள். அப்படி எடுப்பதால் உயிர் பிழைப்பு கூடவில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இப்போது பலரை ஸ்கேன் செய்து கண்காணிக்கிறார்கள். கை, கால் வீங்கும் தொல்லை இதனால் தவிர்கிறது.

பரவிய நோய்க்கு நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்புசக்தி மருந்துகள் உண்டு. வெயிலால் வரும் மெலனோமாவைவிடக் கை கால் மெலனோமாவில் இவை குறைவாகவே வேலை செய்கின்றன, இதை ஒளிக்காமல் தெரிந்துகொள்வது நல்லது. கட்டியின் மரபணுவைச் சோதித்து, கேஐடி மரபணுவில் மாற்றம் இருந்தால் இமாடினிப் மாத்திரை சிலருக்குப் பலன் தரும். பிஆர்ஏஎஃப் மாற்றம் இருந்தால் அதற்கு வேறு மாத்திரைகள். அதனால் விலை உயர்ந்த மருந்தைத் தொடங்கும் முன் இந்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

படி 7: பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். பயாப்ஸி எடுத்த அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள், ரிப்போர்ட் வருவதற்குள் அட்டை தயாராகிவிடும். திருவனந்தபுரம் போவதாக இருந்தால் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று போகும் முன் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104 எண்ணில் கூப்பிடலாம்.

படி 8: அதற்குப் பிறகு

முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்வார்கள், பிறகு இடைவெளி கூடும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். நக மெலனோமா வருடங்கள் கழித்தும் திரும்பும், போவன் நோய் வேறு விரலில் வரலாம். மாதம் ஒருமுறை குளிக்கும்போது, கைவிரல் என்றால் முழங்கை உள்பக்கத்தையும் அக்குளையும், கால்விரல் என்றால் முழங்கால் பின்பக்கத்தையும் தொடையிடுக்கையும் தடவிப் பாருங்கள். கடினமாக, வலிக்காமல், பட்டாணி அளவுக்கு மேல் ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது வெட்டிய இடத்துக்கும் அங்கேக்கும் நடுவில் தோலடியில் கறுப்பு முடிச்சு வந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

விரல்நுனி போனவர்களுக்கு இல்லாத நுனி அரிப்பதும் வலிப்பதும் போலத் தோன்றும். அது உண்மையான வலிதான், அதற்கு மருந்து இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்லுங்கள். தையல் பிரித்த பிறகு தழும்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்து, துணி, மணல், அரிசி என்று மாற்றி மாற்றித் தொட்டுப் பழக்கினால் கூச்சம் குறையும். பிசியோதெரபியில் பிடிப்புக்குப் பயிற்சி தருவார்கள். பால்வெட்டுக் கத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கால் பெருவிரல் போனவர்கள் வார்ச்செருப்பை விட்டுவிட்டு, முன்பக்கம் மூடிய, பின்னால் பட்டை வைத்த செருப்பு போட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஒட்டிய தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அண்டி ஆபீசுக்குத் திரும்புகிறவர்கள் கையுறை போடாமல் தோட்டு எண்ணெயில் கை வைக்கவே கூடாது. அந்தப் புதுத்தோல் பொள்ளினால் ஆற மாதக்கணக்காகும்.